பழைய ஏசி கம்ப்ரசரில் ஜீப்புக்குக் காற்று: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி: என்னிடம் ஏசி இல்லாத மஹிந்திரா எம்எம் 540 டீசல் ஜீப் இருக்கிறது. மலைப்பாதையில் டயர் காற்றை 15 பிஎஸ்ஐ-க்கு இறக்கி ஓட்டிவிட்டு, தார்ச்சாலைக்கு வந்ததும் 30-க்கு ஏற்ற வேண்டும். சிகரெட் லைட்டர் பம்ப் பொறுமையைச் சோதிக்கிறது. சென்னை புதுப்பேட்டையின் காயலான் கடைகளில் பழைய கார் ஏசி கம்ப்ரசர் வாங்கி, எஞ்சின் பெல்ட்டில் ஓட்டலாமா? எந்த மாடல் கேட்பது?

பதில்: தாராளமாக ஓட்டலாம். ஆனால் கடைக்காரர் நீட்டுவதையெல்லாம் வாங்கிவிடாதீர்கள். ஏசியில் கேஸோடு சேர்ந்து ஆயிலும் சுற்றித் திரும்பக் கம்ப்ரசருக்கே வந்துவிடும். வெறும் காற்றை அடிக்கும்போது வெளியே போன ஆயில் போனதுதான். அதனால் சொந்த ஆயில் தொட்டி உள்ள யார்க் 210 தான் இந்த வேலைக்கு முதல் தரம். பழைய அமெரிக்க வண்டிகளிலும் வோல்வோ 240-யிலும் வந்தது. இங்கே அதைத் தேடி அலைவது வீண். அடுத்தது சாண்டன் 508 அல்லது 5எச்14. ஐந்து பிஸ்டன், ஒரு சுற்றுக்கு 138 சிசி, உடம்பிலேயே ஆயில் ஊற்றும் போல்ட். இதைக் கேளுங்கள்.

புதிய கார்களில் வரும், கிளட்ச் (தேவைப்படும்போது மட்டும் கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் மின்காந்தப் பாகம்) இல்லாத, கொள்ளளவு தானே மாறும் கம்ப்ரசர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெல்ட் சுற்றும் நேரமெல்லாம் அதுவும் சுற்றும். ஆயில் வற்றியதும் ஜாம் ஆகிவிடும். பிஸ்டனுக்குப் பதில் சுருள் தகடுகள் உள்ள ஸ்க்ரோல் வகையையும் விட்டுவிடுங்கள்.

508 உங்களுக்குப் போதுமா? 1500 ஆர்பிஎம்-மில் கணக்குப்படி நிமிடத்துக்கு 207 லிட்டர். கசிவு, சூடு கழித்து 130 என்று வையுங்கள். 235/75 ஆர்15 டயரை 15-லிருந்து 30-க்கு ஏற்ற ஏறக்குறைய 60 லிட்டர் காற்று வேண்டும். வால்வின் நெருக்கத்தையும் சேர்த்தால் டயருக்கு ஒரு நிமிடம்.

கேள்வி: கடையில் நின்றபடியே எப்படிச் சோதிப்பது?

பதில்: மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். கிளட்ச் காயில் 3 முதல் 4 ஓம் காட்டினால் 12 வோல்ட். 12 ஓமுக்கு மேல் என்றால் அது பஸ், லாரியிலிருந்து கழற்றிய 24 வோல்ட் சரக்கு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பேட்டரி கொடுத்தால் 'டக்' என்று ஒட்ட வேண்டும். கிளட்சின் முன்தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி 0.4 முதல் 0.8 மி.மீ. இருக்கட்டும்.

பிறகு முன்தட்டைக் கையால் சுற்றுங்கள். கம்ப்ரசரின் தலையில் 'டி' என்று பொறித்த துளையைக் கட்டைவிரலால் மூடினால் விரலைத் தள்ள வேண்டும். 'எஸ்' துளை உறிஞ்ச வேண்டும். இரண்டிலும் அசைவே இல்லையென்றால் வால்வுத் தகடு போய்விட்டது. கொஞ்சம் ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள்: கருத்திருந்தாலோ, அலுமினியத் தூள் மின்னினாலோ திருப்பிக் கொடுங்கள். புல்லிக்குப் பின்னால் ஆயில் ஈரம் இருந்தால் ஷாஃப்ட் சீல் ஒழுகுகிறது. புத்தம் புதிதாகச் சில்வர் பெயின்ட் அடித்ததைவிட, அழுக்கோடு துளைகளில் மூடி போட்டு வைத்ததையே நான் நம்புவேன். புல்லி, உங்கள் கிராங்க் புல்லியின் வி-பெல்ட்டுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பொருத்தும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: முதலில் பழைய ஏசி ஆயிலை முழுக்க வடித்துவிடுங்கள், அது ஈரத்தை இழுக்கும். ஐஎஸ்ஓ 100 மினரல் கம்ப்ரசர் ஆயில் 120 மி.லி. போதும். ஊற்றியதும் கையால் பத்துச் சுற்று சுற்றிய பிறகே எஞ்சினில் ஓட்டுங்கள். சில முறை காற்றடித்ததும் போல்ட்டைத் திறந்து அளவு பாருங்கள், குறையும். காற்றோடு வெளியேறும் ஆயிலைப் பிடிக்க, காற்றைச் சேர்த்துவைக்கும் டேங்குக்கு முன்னால் ஒரு ஃபில்டர் வையுங்கள். 'எஸ்' துளைக்கும் ஏர் ஃபில்டர் கட்டாயம்.

பலர் கோட்டைவிடுவது ஹோஸில். குளிர்ந்த கேஸ் திரும்பி வந்து உடம்பை ஆற்றும் ஏற்பாடு இப்போது இல்லை. வெளிவரும் காற்று கொதிக்கும். நீல நிற பியூ (பிளாஸ்டிக்) டியூபை நேராக மாட்டினால் இளகிப் பிய்த்துக்கொள்ளும். முதல் ஒரு மீட்டருக்குச் செம்புக் குழாய் அல்லது கம்பிப் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ், அதன்பின் காற்றைத் திரும்ப விடாத பித்தளை நான்-ரிட்டர்ன் வால்வு, பிறகு டேங்க். பிரஷர் சுவிட்ச் 90 பிஎஸ்ஐ-யில் கம்ப்ரசரைப் போட்டு 120-ல் நிறுத்தட்டும்; அது ரிலே வழியாகக் கிளட்சை இயக்கட்டும், 10 ஆம்பியர் ஃபியூஸ். டேங்கில் 150 பிஎஸ்ஐ சேஃப்டி வால்வு. அதற்கும் டேங்குக்கும் இடையே எந்தக் குழாய் வால்வும் வரக்கூடாது. இரண்டு டயர் அடித்ததும் சற்று ஆறவிடுங்கள்.

கேள்வி: டேங்குக்குப் பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி வெல்டிங் வைக்கலாமா?

பதில்: கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் கேஸ் வெல்டிங்கிலேயே வெடிக்கும். லாரி ஏர் பிரேக் டேங்க் சிறியதாக ஒன்று அதே காயலான் கடைகளில் கிடைக்கும். துருப் பிடிக்காததாகப் பார்த்து வாங்கி, அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வு வையுங்கள்.

கேள்வி: பழைய சரக்குக்கு வாரண்டி கேட்க முடியுமா?

பதில்: பேசி வாங்குவதுதான். 'ஓடவில்லையென்றால் இத்தனை நாளுக்குள் மாற்றித் தரப்படும்' என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். மாடல் எண்ணும் அதில் இருக்கட்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதால், ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் துண்டுச்சீட்டில் விலை மட்டும் கிறுக்கிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு அங்கே நிற்பது கஷ்டம்.