வெளியூர் தீர்ப்பு

அன்புள்ள ஐயா,

ஹங்கேரியின் புதிய அரசியல் சட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு ஒரு நாடாளுமன்றம் தன் நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதிக்கொள்கிறது. அதைக் குறை சொல்ல ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் லக்சம்பர்க்கிலும் இருக்கும் ஐரோப்பிய நீதிபதிகள் யார்? அவர்களுக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்?

ர., கோவை

அன்புள்ள ர.,

மூன்றில் இரண்டு பங்கு என்பது இடங்களின் கணக்கு. 2010 தேர்தலில் வென்ற ஃபிடெஸ் கட்சியின் கூட்டணி வாங்கிய வாக்குகள் பாதியைக் கொஞ்சம் தாண்டின, அவ்வளவுதான். மிச்சத்தைத் தேர்தல் முறை சேர்த்துக் கொடுத்தது. எதிர்க்கட்சிகளின் ஆதரவு இல்லாமலேயே 2011 ஏப்ரலில் புதிய அரசியல் சட்டம் நிறைவேறியது.

அதையும் ஒத்துக்கொள்வோம். எனக்கு இதில் மறக்க முடியாதது ஆந்த்ராஷ் பாக்கா என்ற ஒரு மனிதரின் கதை. அவர் அப்போது ஹங்கேரி உச்ச நீதிமன்றத்தின் தலைவர். நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 62-க்கு இறக்கும் திட்டத்தை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். 2012 ஜனவரி 1 அன்று உச்ச நீதிமன்றம் ‘கூரியா’ என்று பெயர் மாறியது. பழைய நீதிமன்றம் இல்லை, ஆகவே அதன் தலைவரும் இல்லை என்றார்கள். அவர் பதவிக்காலத்தில் இன்னும் மூன்றரை ஆண்டுகள் இருந்தன. புதிய தலைவர் உள்நாட்டில் ஐந்தாண்டுகள் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதியும் வந்தது. பாக்கா அதற்கு முன் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் பதினேழு ஆண்டுகள் நீதிபதி. அந்த ஆண்டுகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, உள்ளூரில் வழக்குப் போடலாமே என்பீர்கள். போட வழியில்லை. அவரை நீக்கியது அரசியல் சட்டத்தோடு சேர்த்த இடைக்கால விதி. அரசியல் சட்டமே ஒரு ஆளைக் குறிவைத்தால் அவர் எந்தக் கோர்ட் படியேறுவார்? உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், ஓட்டு. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் ஐரோப்பிய கவுன்சிலுடையது; ஹங்கேரி 1990-ல் அதில் தானே விரும்பிச் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 2003-ல் மக்களிடம் வாக்கெடுப்பே நடந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்பவரை அந்நியர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மனக்குறை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் லக்சம்பர்க் நீதிமன்றம் 2012 நவம்பரில் அந்த ஓய்வு வயது மாற்றத்தைத் தவறு என்றது. ஆனால் வயதைக் காட்டிப் பாகுபாடு செய்தார்கள் என்ற வேலைவாய்ப்புச் சட்டத்தின் வழியாகத்தான் அதைச் சொன்னது. நீதித்துறையின் சுதந்திரம் என்ற பேச்சே அந்த வழக்கின் மையத்தில் இல்லை. நீதிபதிகள் பலர் திரும்பி வரலாம் என்றானபோது, நீதிமன்றத் தலைமைப் பதவிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஐரோப்பிய கவுன்சிலின் அரசியல் சட்ட ஆலோசனைக் குழுவான வெனிஸ் ஆணையம் கவனமாக எழுதிக் கொடுத்த கருத்துகளும் ஆலோசனைகள்தான், கட்டுப்படுத்தாது.

பாக்கா ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜெயித்தார், இழப்பீடும் கிடைத்தது. அந்த நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2016 ஜூனில் தீர்ப்புச் சொன்னபோது, அவர் வகித்திருக்க வேண்டிய ஆறாண்டுக் காலம் முடிந்தே ஓராண்டு ஆகியிருந்தது.