ரிப்போர்ட் பையை மகனிடம் கொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 11 வயதில், குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். முதலில் கொடுத்த அசத்தயோபிரின் மாத்திரையால் வெள்ளணுக்கள் குறைந்துவிட்டதால் அதை நிறுத்திவிட்டு, இப்போது 8 வாரத்துக்கு ஒரு முறை இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை நரம்பு வழியாக ஏற்றிக்கொள்கிறோம். பிளஸ் டூ படிக்கிறான். 18 வயது முடிந்ததும் பெரியவர்களுக்கான குடல் மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். ஆறு ஆண்டுகளாகப் பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்ட மருத்துவரை விட்டுப் போக மனம் வரவில்லை. இன்னும் சில ஆண்டுகள் இங்கேயே தொடர முடியுமா என்று கேட்கலாமா?
– ஒரு தாய், பெரம்பூர், சென்னை.

பதில்: சில ஆண்டுகள் என்று கேட்காதீர்கள் அம்மா, சில மாதங்கள் கேளுங்கள். பொதுத்தேர்வு நேரத்திலோ, நோய் தீவிரமாக இருக்கும்போதோ மருத்துவரை மாற்றுவது நல்லதன்று. தேர்வு முடிந்து, வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் அடங்கியிருக்கும் காலத்தில் மாறிக்கொள்கிறோம் என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. அதற்குமேல் தள்ளிப்போட்டால் மகனுக்குத்தான் இழப்பு. விடுதி வாழ்க்கை, வேலை, திருமணம் என்று இனி எழப்போகும் கேள்விகளில் பெரியவர்களுக்கான மருத்துவருக்கே அனுபவம் அதிகம். பெருங்குடலிலும் நோய் பரவியிருந்தால், அறிகுறிகள் தொடங்கி ஏறத்தாழ 8 ஆண்டுகளில் புற்றுநோய் வருகிறதா என்று கண்காணிக்க, கேமரா குழாய் விட்டுக் குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோபியைத் தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் மகனுக்கு அது 19 வயதிலேயே வந்துவிடும்.

'ஏற்றிக்கொள்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனையோ இரவுகள் கழிவறை வாசலில் காத்து நின்ற தாய்க்கு அப்படித்தான் எழுத வரும். ஆனால் பெரியவர்கள் பிரிவில், ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் போகிறது, ரத்தம் கலந்திருக்கிறதா என்பதை மருத்துவர் உங்கள் மகனிடமே கேட்பார். கேள்வி தன்னிடம் வந்ததும் பையன் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதையும், அம்மா மடியிலிருக்கும் துணிப்பையைப் பிரித்து ரிப்போர்ட்டைத் தேடுவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அசத்தயோபிரின் ஒத்துக்கொள்ளாத விஷயம் உங்கள் மகனுக்குத் தெரியுமா? வெளியூர்க் கல்லூரியில் படிக்கும்போது உடம்புக்கு முடியாமல் போய், முன்பின் தெரியாத மருத்துவர் ஒருவர் அதே மாத்திரையை எழுத நேர்ந்தால், வேண்டாம் என்று சொல்ல அங்கே நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

ஆகவே அந்தப் பையை இப்போதே மகனிடம் கொடுங்கள். அடுத்த முறை போகும்போது முதல் பத்து நிமிடம் அவர் மட்டும் உள்ளே போகட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லையே என்ற கவலையையும், நண்பர்களோடு சிகரெட் பிடித்துப் பார்த்ததையும் எந்தப் பிள்ளையும் தாயின் முன்னால் பேசாது. புகைப்பழக்கம் கிரோன் நோயை மோசமாக்கும் என்பதால், அதை மருத்துவர் அறிந்துகொள்வது மிக அவசியம்.

இப்போதைய மருத்துவரிடம் ஒரு சுருக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். குடலின் எந்தப் பகுதியில் நோய் இருக்கிறது, கொலனோஸ்கோபியிலும், குடலின் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியிலும் என்ன தெரிந்தது, எந்த மருந்தை ஏன் நிறுத்தினார்கள், எந்தெந்தத் தடுப்பூசிகள் போட்டாயிற்று என்பவை அதில் இருக்க வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றுவதால் பலருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுக்கப்படுவதுண்டு; உங்கள் மகனுக்கும் கொடுத்திருந்தால் எத்தனை மாதம் என்பதையும், இன்ஃப்ளிக்சிமாப் தொடங்குமுன் செய்த காசநோய்ப் பரிசோதனையின் முடிவையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். இரு மருத்துவர்களும் ஒரு முறையாவது சேர்ந்து பார்க்க முடிந்தால் மிகவும் நல்லது. உங்கள் மருத்துவக் காப்பீட்டில் மகனுக்கு எந்த வயதுவரை இடமுண்டு என்பதையும் விசாரித்து வையுங்கள்.

ஒன்றில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். இன்ஃப்ளிக்சிமாப் இடையில் நின்றுபோனால், உடல் அந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்ளக்கூடும். பிறகு மீண்டும் ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம், மருந்து வேலை செய்யாமலும் போகலாம். எனவே அடுத்த தவணை எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையில் என்பது உறுதியான பிறகே பழைய மருத்துவரிடம் விடைபெறுங்கள். அந்தத் தேதியைத் தன் செல்போனில் உங்கள் மகனே குறித்துக்கொள்ளட்டும்.