பயாலஜியில் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்றால் புழு வண்ணத்துப்பூச்சி ஆவதா?

இல்லை. உங்கள் பெண்ணின் பாடத்தில் அதற்கு, பாக்டீரியா வெளியில் கிடக்கும் டிஎன்ஏ-வை (மரபுப் பொருளை) உள்வாங்கித் தன் குணம் மாறுவது என்று பொருள். 1928-இல் கிரிஃபித் என்ற விஞ்ஞானி எலிகளில் கண்டது. செத்த கிருமியின் சரக்கை வாங்கிக்கொண்டு சாதுவான கிருமி எலியைக் கொல்லும் கிருமியானது! அந்தச் சரக்கு டிஎன்ஏ-தான் என்று 1944-இல் ஏவரி என்ற விஞ்ஞானியின் குழு காட்டியது.

உங்கள் பெண் அகராதியில் முதலில் இருந்த ‘உருமாற்றம்’ என்பதை எடுத்துக்கொண்டிருப்பார். புழுக்கதை மெட்டமார்ஃபசிஸ்.

இந்தச் சொல் எந்தப் பாடத்தில் வந்தாலும், எது மாறுகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். கணக்கில், படத்தின் இடமோ அளவோ. தண்டையார்பேட்டையில் உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜும் கரண்டும். மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, புற்றுநோய்ப் பாடத்தில் இதே சொல் சாதாரண செல் புற்றுசெல்லாவதைக் குறிக்கும்.