லிஸ்பனில் எங்கே தங்கலாம்?

கேள்வி: ஜூன் மாதம் கணவர், மாமியாரோடு லிஸ்பன் போகிறேன். மாமியாருக்கு மூட்டுவலி. அல்ஃபாமாவில் ஆறு தெரிகிற மாதிரி ஒரு வீடு மலிவாகக் கிடைக்கிறது. பிடித்துப் போடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். 1755 நிலநடுக்கத்தில் பெருமளவு தப்பித்த பழைய பேட்டை அது, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் வரைபடத்தில் தெரு என்று காட்டுவது பல இடங்களில் வெறும் படிக்கட்டு. டாக்ஸிக்காரர் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் பெட்டிகள் உங்கள் கணவர் பாடு. நடைபாதையெல்லாம் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல். ஆள் நடந்து நடந்து சோப்புக்கட்டி மாதிரி வழவழத்துக் கிடக்கும். ஒரு தூறல் போட்டால் இளவட்டங்களே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

போதாததற்கு ஜூன் 12 ராத்திரி அந்தோணியார் திருவிழா. நாம் பதுவை அந்தோணியார் என்கிறோமே, அவர் பிறந்தது லிஸ்பனில்தான். அன்றைக்கு அல்ஃபாமா சந்துகளில் மத்தி மீன் சுடும் புகையும் பாட்டுமாக விடிய விடியக் கொண்டாட்டம். போய்ப் பாருங்கள், அங்கே தூங்க நினைக்காதீர்கள்.

தங்குவதற்கு நகர மையத்தில் இருக்கும் பைஷா பேட்டை. நிலநடுக்கத்துக்குப் பிறகு நேர்நேர் தெருக்களாகக் கட்டிய சமதளம். மாமியார் ஆற்றங்கரைச் சதுக்கம் வரை சிரமமில்லாமல் நடப்பார். குன்றின் மேல் இருக்கும் கோட்டைக்குப் போகவும் ஃபாங்கெய்ரோஸ் தெருவில் இலவச லிஃப்ட் இருக்கிறது. அதில் ஏறி, கொஞ்சம் நடந்து இன்னொரு லிஃப்ட் பிடித்தால் ஏற்றத்தில் பெரும்பகுதி முடிந்தது. ஒன்று மட்டும்: பைஷாவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முன்பணம் கட்டும் முன் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். வாடகை கையைக் கடித்தால் சல்டான்யா பக்கம் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து சிவப்பு மெட்ரோவில் நேரே வந்து இறங்கலாம்.

கேள்வி: லிஸ்பனின் பழைய பேட்டைகள் வழியே போகும் பேர்பெற்ற 28ஆம் எண் டிராமில் ஏறியே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: காலை எட்டு மணிக்குள் என்றால் ஏறுங்கள். மார்த்திம் மோனிஸ் சதுக்கத்தில் கிளம்பும் இடத்திலேயே ஏறினால் மர இருக்கையில் ஜன்னலோரம் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் நெரிசலில் உங்கள் பர்ஸ் வேறு யார் கைக்கோ போய்விடும். வாஸ்கோ ட காமா கல்லறை இருக்கும் பெலேமுக்கு 15ஆம் எண் டிராம்.

கேள்வி: சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும். மார்த்திம் மோனிஸைச் சுற்றி நம் நாட்டார், வங்கதேசத்தார் கடைகள் நிறைய. பருப்பும் அரிசியும் அங்கேயே வாங்கலாம். முட்டைக்கோஸ் சூப் என்று நம்பி 'கால்டு வெர்டே' கேட்காதீர்கள், பன்றித் தொத்திறைச்சி துண்டு மிதக்கும். பேர்பெற்ற கஸ்டர்ட் டார்ட்டில் முட்டை உண்டு. கேட்காமலே மேஜையில் வைக்கும் ரொட்டி, ஆலிவ் எல்லாம் இனாம் இல்லை. தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் உடனே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.