கோர் 2 டுவோ இ8400, கோர் 2 குவாட் கியூ6600: எது வேகமானது?

இன்டெல் 2007-இல் வெளியிட்ட கியூ6600, 2008-இல் வந்த இ8400 ஆகிய இரண்டு கணினிச் செயலிகளில் எது வேகமானது என்ற கேள்விக்கு, எந்த வேலைக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும். இ8400-இல் இரண்டு கோர்களே (கணக்கிடும் அலகுகளே) இருந்தாலும், அவை 3.0 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதாலும், 6 எம்பி கேச் எனும் அதிவேக உள் நினைவகத்தைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்வதாலும், ஒரே இழையில், அதாவது ஒரே கோரில் வரிசையாக, நடக்கும் வேலைகளிலும் அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றிலும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கியூ6600-ஐ அது எளிதாக முந்திவிடும்.

வீடியோ மாற்றம் போல வேலையைக் கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் மென்பொருள்களில் நிலைமை தலைகீழாகிறது. ஆயினும் நான்கு கோர் என்பதால் இருமடங்கு வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. கியூ6600 உண்மையில் இரண்டு இரட்டைக் கோர் சில்லுகளை ஒரே உறைக்குள் வைத்த அமைப்பு என்பதால், ஒரு சில்லிலிருந்து மற்றதற்குச் செல்லும் தரவு 1066 மெகாஹெர்ட்ஸ் எஃப்எஸ்பி (செயலியைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் தரவுப் பாதை) வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

இ8400-இன் வெப்ப வரம்பு 65 வாட். 65 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் உருவான கியூ6600-க்குப் பதிப்பைப் பொறுத்து 95 அல்லது 105 வாட். நல்ல குளிர்விப்பான் இருந்தால், எஃப்எஸ்பி-யின் அடிப்படைக் கடிகாரத்தை (1066-இன் நான்கில் ஒரு பங்கு) 266-இலிருந்து 333 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தி, கியூ6600-ஐயும் 3.0 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்க்கலாம். தாய்ப்பலகை இடம் கொடுக்குமானால் இப்படி வேகம் கூட்டிய கியூ6600-ஐயே நான் தேர்வேன்.