குரூகர் பூங்காவில் ஒரு நாள்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குத் தாமே கார் ஓட்டிச் செல்லவிருக்கும் அன்பர்கள் கேட்டவற்றுக்கு என்னுடைய பதில்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒரு நாள் மட்டுமே இருக்கிறது. எந்தப் பகுதிக்குச் செல்லலாம்?

பதில்: ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் பரந்த காட்டை ஒரு நாளில் சுற்றிவர எண்ண வேண்டாம். தென்பகுதியோடு நிறுத்திக்கொண்டு, சாபி ஆற்றை ஒட்டி ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாமுக்குச் செல்லும் தார்ச்சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றங்கரை மரங்கள் அடர்ந்த இந்தச் சாலை சிறுத்தைக்குப் பெயர்போனது. லோயர் சாபிக்கு அருகிலுள்ள சன்செட் அணைக்கட்டில் காரை நிறுத்தினால், உள்ளே இருந்தபடியே நீர்யானைகளையும் முதலைகளையும் வெகு அருகில் காணலாம். மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில் புல் குட்டையாகவும் நீர்நிலைகள் குறைவாகவும் இருப்பதால், விலங்குகள் தண்ணீரைத் தேடி ஓரிடத்திற்கு வந்து சேரும்.

கேள்வி: எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

பதில்: வாயில் திறக்கும் நேரத்திற்கே அங்கு நிற்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை பூங்காவின் வாயில்கள் காலை 5.30க்கும், உள்ளே தங்குவோருக்கான முகாம் வாயில்கள் 4.30க்கும் திறக்கப்படுகின்றன, குளிர்காலத்தில் இரண்டுமே 6 மணிக்கு. மாலையில் வாயில் மூடுவதற்குள் திரும்பாவிட்டால் அபராதம் உண்டு. தார்ச்சாலையில் மணிக்கு 50, மண்சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது என்பதால் தொலைவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் 50கூட அதிகம். 25இல் ஊர்ந்து செல்பவருக்கே காடு கண்ணில் படும்.

கேள்வி: வழிகாட்டி இல்லாமல் சிங்கத்தையும் சிறுத்தையையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அவற்றைத் தேடுவதைவிட, அவற்றுக்கு அஞ்சும் விலங்குகளைக் கவனிப்பது பயன் தரும். இம்பாலா மான்களை இங்கே எங்கும் காணலாம். அதனாலேயே பலர் அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்து போகிறார்கள். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கி, எல்லாக் காதுகளும் ஒரே திசையை நோக்க அசையாமல் நின்று, நடுநடுவே மூக்கால் சீறுமானால், அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பொறுத்திருங்கள். காலையில் பிணந்தின்னிக் கழுகுகள் பல ஒரே மரத்தில் அமர்ந்திருப்பதும் நல்ல தடயமே. தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழும் வரை அவற்றால் எளிதில் வானில் வட்டமிட முடியாது என்பதால், முந்திய இரவில் கொல்லப்பட்ட இரை அருகில் கிடக்கக்கூடும். சிறுத்தைக்கோ தரையைவிட மரக்கிளைகளைப் பாருங்கள்: கழுதைப்புலியும் சிங்கமும் பறித்துவிடாதபடி தன் இரையை அது மரத்தின் மேல் இழுத்துச் சென்று வைக்கும். சிங்கம் பகலின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிப்பதால், நண்பகலில் அதனிடம் வீரதீரச் செயல்களை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: யானை சாலையை மறித்தால் என்ன செய்வது? காதை ஆட்டினால் கோபம் என்கிறார்களே?

பதில்: காதை மெல்ல ஆட்டுவது கோபமன்று; காதின் இரத்த நாளங்கள் வழியே உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காதுகளை அகல விரித்து, தலையை உயர்த்தி, உங்களை நேராக நோக்கி நின்றால்தான் எச்சரிக்கை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரம் வழிந்து, பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீரால் நனைந்திருக்கும் ஆண் யானை மதத்தில் இருக்கிறது. தொலைவில் கண்ட உடனேயே பின்வாங்குங்கள். ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு என்பதால் தந்தத்தைக் கொண்டு ஆணென முடிவு செய்யாதீர்கள். தாய்க்கும் கன்றுக்கும் இடையில் காரைச் செலுத்தாதீர்கள். ஹாரன் அடிக்கவே கூடாது. பின்னால் வரும் கார்கள் நெருங்கி நின்று உங்கள் வழியை அடைத்துவிடுவதே பெரும்பாலும் சிக்கலாகிறது; ஆகவே யானையைப் பார்க்கும்போதே பின்கண்ணாடியையும் பாருங்கள்.

கேள்வி: சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா? உணவு, கழிப்பறை வசதிகள் எப்படி?

பதில்: தாராளமாக. முகாம்களிலும், குகுலு, சொக்வானே போன்ற சிற்றுண்டி இடங்களிலும் இறங்கலாம். இறங்க அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் கதவைத் திறக்கக் கூடாது. பபூன் குரங்குகள் தட்டோடு தூக்கிச் சென்றுவிடும் என்பதால் சாப்பாட்டு மேசையை விட்டு அகலாதீர்கள். இது மலேரியா உள்ள பகுதி. தடுப்பு மாத்திரை குறித்து மருத்துவரைப் பயணத்திற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: முகாம்களில் எந்த விலங்கு எங்கே தென்பட்டது என்று குறிக்கும் பலகையில் காண்டாமிருகம் மட்டும் ஏன் இல்லை?

பதில்: கொம்புக்காகக் கொல்லும் கும்பல்களுக்குத் துப்புக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே. கொம்பு அறுக்கப்பட்ட காண்டாமிருகத்தைக் கண்டு பதற வேண்டாம். கொம்பு நம் நகத்தைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது, மயக்க மருந்து கொடுத்து அறுத்தபின் மீண்டும் வளர்ந்துவிடும். புல்லை மேயும் அகன்ற உதடு கொண்டது வெள்ளை இனம், இலைகளைப் பறித்துத் தின்னும் கூரிய மேலுதடு கொண்டது கறுப்பு இனம். படம் எடுத்தால், கைபேசியின் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். எந்தச் சாலையில் பார்த்தீர்கள் என்பதை எங்கும் எழுத வேண்டாம்.