தனித்தனி கிராங்க் மாட்டினால் ஓட்டம் வேகமாகுமா?

வணக்கம். 10 கிமீ ஓட்ட நேரத்தைக் குறைக்க பவர்கிராங்க்ஸ் (சைக்கிளின் இரு மிதிகளும் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியாகச் சுழலும் கிராங்க், அதாவது மிதித்தண்டு) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அதில் ஒரு கால் மிதிப்பது மறு காலைத் தூக்கிவிடாது; ஒவ்வொரு காலையும் நீங்களே மேலே இழுக்க வேண்டும். தொடையைத் தூக்கும் இடுப்புத் தசைக்கு நல்ல வேலைதான். ஆனால் ஓடும்போது பாதம் தரையில் பட்டதும் குதிகால் நாண் இழுபட்டு ஸ்பிரிங் மாதிரி திருப்பி உந்துமே, சைக்கிளில் அது கிடைக்கவே கிடைக்காது. அதற்கு வாரம் ஒருநாள் மேட்டில் 10 விநாடி முழுவேக ஓட்டம், 6 தடவை; நடுவில் 2 நிமிடம் நடை.

ஏற்கெனவே கையில் இருந்தால் முதல் வாரம் 5 நிமிடம் மிதி, 5 நிமிடம் ஓய்வு, மூன்று சுற்று போதும். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள். குனிந்து மிதித்தால் இடுப்பு அதிகம் மடங்கி கவட்டையில் பிடித்துக்கொள்ளும். மறுநாள் வேக ஓட்டம் வைக்காதீர்கள்.